முக் என்ற நாயின் நாற்பத்தெட்டு சதவீதம்

கால்டன்வேர்டர் நகராட்சியின் ஒழுங்குத் துறையில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடங்களாக எழுதுகிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். எப்படிச் சொன்னார்கள் என்று எழுதக் கூடாது. தும்மல், பெருமூச்சு, சன்னலுக்கு வெளியே போகும் தீயணைப்பு வண்டி எதுவும் குறிப்பில் வராது. வேலையில் சேர்ந்த புதிதில் இதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது விழுவதில்லை.

ஹெர் இங்கோ ரைமான் எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்தது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பத்தேழு வயது. ஊருக்கு வெளியே இருக்கும் ரொட்டி ஆலையில் அடுப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாம் கவுன்டரில் ஃப்ராவ் லூடர்ஸ் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணென்றால் ஹெர், பெண்ணென்றால் ஃப்ராவ். இந்த ஊரில் பதிவான நாய்கள் அத்தனையையும் பதிவு எண்ணை வைத்தே சொல்லக்கூடியவர். கெட்ட மனுஷி இல்லை. அவருக்குப் பின்னால் உள்ள மேசையில் நான் வேறு ஏதோ கோப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"நாயோட பேர மாத்தணும்," என்றார் ரைமான்.

"நாயோட பேரையா? இல்ல, நாய் யார் பேர்ல இருக்கோ அந்தப் பேரையா?"

"நாய் என் மனைவி பேர்ல இருக்கு."

"மனைவி வந்திருக்காங்களா? அவங்க கையெழுத்து வேணும்."

அவர் ஒரு தாளை எடுத்து கவுன்டரின் மேல் வைத்துத் தள்ளினார். இறப்புச் சான்றிதழ். ரைமான், மார்லிஸ், பிப்ரவரி ஒன்பது. ஃப்ராவ் லூடர்ஸ் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இது மூலமா, நகலா?"

"மூலம்."

"எங்களுக்கு நகல் போதும். மூலத்த பத்திரமா வச்சுக்குங்க. போச்சுன்னா திரும்பக் கிடைக்காது."

"சரி," என்றார் ரைமான்.

நகல் எடுத்து, ஓரத்தில் இரண்டு துளை போட்டு, கோப்பில் சேர்த்தார் லூடர்ஸ். அதன்பின் கணினியில் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இனம்னு இருக்கிற இடத்துல உங்க மனைவி 'கலப்பு'ன்னு போட்டிருக்காங்க."

"கலப்புதான்."

"இப்ப அப்படி எழுத முடியாது, ஹெர் ரைமான். ஜனவரியிலேர்ந்து புது விதி. கலப்புங்கிறது இனம் இல்ல. இனம் இல்லாத நிலை. கணினி ஏத்துக்காது."

"அப்ப என்ன எழுதறது?"

"இனத்த எழுதணும்."

"எனக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியாது. நாய்க்குத் தெரியும். அதோட எச்சில்ல இருக்கு. டி.என்.ஏ. சோதனை பண்ணா நாலு தலைமுறை வந்துரும்."

இனம் பதிவாகாவிட்டால் பெயர் மாற்றம் முடியாது. பெயர் மாறாவிட்டால் நாய் இறந்தவர் பெயரிலேயே இருக்கும். இறந்தவர்கள் நாய் வளர்க்க முடியாது என்பது சட்டம். அப்படியானால் அது உரிமையாளர் இல்லாத நாய். ஜூன் முப்பதுக்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டு போய் ஊர்க்கோடியில் உள்ள விலங்குக் காப்பகத்தில் அடைக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஃப்ராவ் லூடர்ஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ரைமான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நிற்கிறவனிடம் மழை பெய்கிறது என்று சொன்னால் எப்படிக் கேட்பானோ அப்படி.

*

எச்சில் எடுக்க ரைமான் வீட்டுக்கு மூன்று பேர் போனோம். மாதிரி எடுக்கும் அதிகாரியாக ஃப்ராவ் லூடர்ஸ், சாட்சியாகக் கட்டடத் துறையிலிருந்து ஓர் ஆள், குறிப்பெழுத நான். மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது.

முக் வீட்டு நடைக்கூடத்தில் படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு பொட்டு. தலை மட்டும் பெரிய நாயின் தலை. கால்கள் ஒரு சாண். சோபாவை ரம்பத்தால் அறுத்துக் கால்களைக் குட்டையாக்கியது போல இருந்தது. எங்களைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

விதிப்படி, சோதனைக்கு உட்படுபவருக்கு அறிவுறுத்தல் படித்துக் காட்ட வேண்டும். விதி எழுதியவர்கள் மனிதர்களுக்கான படிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஃப்ராவ் லூடர்ஸ் குனிந்து படித்தார்.

"இந்தச் சோதனையின் முடிவு உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்படலாம். புரிந்ததா?"

முக் கொட்டாவி விட்டது. பஞ்சுக் குச்சி உள்ளே போய் வந்தது. 'ஒத்துழைப்பு: தன்னிச்சையானது' என்று எழுதிக்கொண்டேன்.

"பிறந்த தேதி?" என்று கேட்டார் லூடர்ஸ்.

"அவளுக்குத்தான் தெரியும்," என்றார் ரைமான்.

"யாருக்கு?"

ரைமான் சுவரில் மாட்டியிருந்த பச்சை நிறப் பெண்கள் மேலங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். லூடர்ஸ் என்னிடம் சொன்னார்: "விவரம் தரலன்னு போடுங்க." போட்டேன்.

*

ஏப்ரல் நடுவில் முடிவு வந்தது. ராட்வைலர் நாற்பத்தெட்டு சதவீதம். டாக்ஸ்ஹுண்ட் இருபத்தேழு. ஜெர்மன் ஷெப்பர்ட் பதினொன்று. ஸ்பிட்ஸ் ஆறு. பூடில் ஐந்து. கண்டறிய இயலாதது மூன்று.

எங்கள் மாநிலத்தில் ஆபத்தான நாய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ராட்வைலர் உண்டு. கால் பங்குக்கு மேல் பட்டியல் ரத்தம் ஓடினால் அந்த நாயும் பட்டியலில்தான். ஆகவே விஷயம் மூன்றாம் கவுன்டரிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறியது. துறைத் தலைவர் டாக்டர் ஹாசல்பாக் ரைமானை விசாரணைக்கு அழைத்தார்.

டாக்டர் ஹாசல்பாக் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கூட்டம் தொடங்கும் முன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். முடியும்போதும் துடைப்பார். நடுவில் அவர் பார்ப்பது விதிப்புத்தகத்தை மட்டும்தான்.

"ஹெர் ரைமான், உங்க வீட்ல ஒரு ராட்வைலர் இருக்கு."

"அவன் உயரம் முப்பது சென்டிமீட்டர்," என்றார் ரைமான்.

"உயரம் டாக்ஸ்ஹுண்டோடது. அந்த இருபத்தேழு சதவீதத்தப் பத்தி எங்களுக்கு ஒரு புகாரும் இல்ல. அது சுதந்திரமா இருக்கலாம். நாங்க பேசறது ராட்வைலரப் பத்தி."

"அவன் யாரையும் கடிச்சதில்லயே. எட்டு வருஷமா."

"எட்டு வருஷமா அது ராட்வைலர்னு அதுக்கே தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு. பொதுமக்கள் பாதுகாப்புங்கிறது இதுவரைக்கும் நடந்ததப் பத்தினது இல்ல, ஹெர் ரைமான். நடந்ததுக்கெல்லாம் நாங்க பொறுப்பாக முடியாது. நடக்காம இருக்கிறதுக்குத்தான் நாங்க இருக்கோம். இந்த ஊர்ல ஒரு வருஷத்துல எத்தனை விஷயம் நடக்காம இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எல்லாம் இந்தத் துறைதான். ஃப்ராவ் வீகான்ட், எழுதிக்குங்க."

வீகான்ட் என்பது நான். எழுதிக்கொண்டேன்.

"அதே நேரத்துல நாங்க நியாயமானவங்க. கடிக்காம இருக்க முழு நாய்க்கும் வாய்மூடி போடச் சொல்ல மாட்டோம். அது சட்டத்த மீறினதாகும். பூடில் என்ன பாவம் பண்ணுச்சு? நாற்பத்தெட்டு சதவீதத்துக்கு மட்டும் போட்டாப் போதும்."

"எப்படி?"

"ஒரு மணி நேரத்துக்கு இருபத்தெட்டு நிமிஷம், நாற்பத்தெட்டு நொடி. நொடிக்கணக்குல உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம். இருபத்தொன்பதுன்னு வச்சுக்குவோம். முழு எண்ணாக்கும்போது பாதுகாப்புப் பக்கமாத்தான் போகணும்."

ரைமான் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். விசாரணைகளில் அந்த இடத்தில் எல்லோருக்கும் கோபம் வரும். 'கருத்து வேறுபாடு தெரிவிக்கப்பட்டது' என்று எழுதுவேன். அவர், "வீட்லயும் போடணுமா, வெளியில மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

"வெளியில போதும்."

"சரி."

"அப்புறம் அந்த மூணு சதவீதம்," என்றார் ஹாசல்பாக். குரல் கொஞ்சம் இறங்கியது. "உண்மையச் சொன்னா எனக்கு ராட்வைலர் கவலையே இல்ல. ராட்வைலருக்கு விதி இருக்கு. கண்டறிய இயலாததுக்கு என்ன இருக்கு? நேத்து சாப்பிடும்போதுகூட அதுதான் நினைப்பு."

அந்த மூன்று சதவீதத்தை மாநில ஓநாய் ஆலோசகருக்கு அனுப்பினோம். ஓநாய் என்று சொல்ல ஆதாரமில்லை, இல்லை என்று சொல்லவும் ஆதாரமில்லை என்று அவர் பதில் எழுதினார். அது ஒரு தனிக் கோப்பாயிற்று.

*

முட்டை வேகவைக்கும்போது நேரம் வைக்கும் சின்னக் கடிகாரம் ஒன்று ரைமான் வீட்டில் இருந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு முக்கைக் கூட்டிப்போனார். ஆற்றங்கரையில் மணி அடிக்கும். நிற்பார். வாய்மூடியை மாட்டுவார். நடப்பார். மறுபடி மணி அடிக்கும். கழற்றுவார். முக் முதல் வாரம் புரியாமல் பார்த்தது. இரண்டாம் வாரம் மணி கேட்டதும் தானே நின்று மூக்கை நீட்டியது.

ஆலையில் கூட வேலை பார்க்கும் ராஃபல்ட் என்பவர் அவர்களை ஒருநாள் பாலத்தருகே பார்த்திருக்கிறார். இது ரைமான் பின்னால் சொல்லித் தெரிந்தது.

"என்ன இங்கோ, நாய்க்கு ஷிஃப்ட் போட்டிருக்காங்களா?"

"ஆமா. இருபத்தொன்பது நிமிஷ ஷிஃப்ட்."

"ஓவர்டைம் உண்டா?"

"மணிக்குப் பன்னண்டு நொடி."

ராஃபல்ட் சிரித்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உனக்குக் கோவமே வராதா?"

"வரும்னுதான் நினைக்கிறேன்," என்றார் ரைமான். "இன்னும் வரல."

மே மாதம் குணச் சோதனை நடந்தது. தீயணைப்பு நிலையத்தின் பின்புறத்து மைதானம். பரிசோதகர் ஒரு பட்டியலோடு வந்திருந்தார். முகத்துக்கு நேரே குடையைப் படீரென்று விரித்தல். பொம்மை வைத்த தள்ளுவண்டியை உரசிக்கொண்டு ஓட்டுதல். மேலே விழுவதுபோல் ஓடிவருதல். தகர வாளியைக் கீழே போடுதல். கடைசியாகக் குடிகாரனைப் போல் தள்ளாடிக்கொண்டு வந்து கத்துதல்.

குடைக்கு முக் உட்கார்ந்தது. தள்ளுவண்டிக்குப் படுத்தது. வாளிக்குக் கண்ணை மூடிக்கொண்டது. குடிகாரன் வேடம் போட்ட பரிசோதகர் ஈரப் புல்லில் உண்மையாகவே வழுக்கி விழுந்தார். முக் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் எழுந்திருக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அறிக்கையில் இப்படி இருந்தது: 'ஆக்ரோஷம் காணப்படவில்லை. ஆக்ரோஷத்தை மறைத்துக்கொள்ளும் திறன் மிக அதிகமாக இருப்பதாகக் கருத இடமுண்டு. மறுசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.'

"அவன் அப்படித்தான் இருக்கான் இப்பல்லாம்," என்றார் ரைமான். "முன்னாடி வாளிக்காவது குரைப்பான்."

"முன்னாடின்னா?" பரிசோதகர் உடனே பேனாவை எடுத்தார். "எப்போதிலிருந்து மாற்றம்?"

"பிப்ரவரி."

"காரணம்?"

ரைமான் முக்கின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். பரிசோதகர் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

*

கோப்புகளைப் படிப்பது என் வேலை இல்லை, அடுக்குவதுதான். ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையில் ஏழாம் பக்கம் தலைகீழாக இருந்தது. நேராகத் திருப்பும்போது கண்ணில் பட்டுவிட்டது.

'எங்கள் தரவில் உள்ள நெருங்கிய உறவுகள்: தந்தை — வோட்டான், ராட்வைலர், பணி நாய், கால்டன்வேர்டர் நகராட்சிப் பணிமனை.'

வோட்டானைத் தெரியாதவர் ஊரில் இல்லை. பன்னிரண்டு வருடங்களாக நகராட்சிப் பணிமனையைக் காவல் காத்த நாய். வருடா வருடம் நகராட்சி நாள்காட்டியில் ஜூலை மாதம் அதுதான். ஊர்த் திருவிழாவில் பிள்ளைகள் அதன் முதுகில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். போன வருடம் புது விதியை மக்களுக்குப் பழக்குவதற்காகச் சந்தைத் திடலில் ஆய்வகம் ஒரு கூடாரம் போட்டபோது, முதல் எச்சிலைக் கொடுத்ததே வோட்டான்தான். பக்கத்தில் டாக்டர் ஹாசல்பாக் நின்று கைதட்டினார்.

தாளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அன்று மாலையே கூட்டம்.

"இது நடக்க முடியாதது," என்றார் ஹாசல்பாக். "பத்து வருஷம் முன்னாடியே வோட்டானுக்குக் கருத்தடை ஆச்சு. கோப்புல மூணு கையெழுத்து இருக்கு. அதுல ஒண்ணு என்னுது. கையெழுத்துக்கு அப்புறமும் ஒரு நாய் தகப்பனாகியிருந்தா, அது ஒழுங்குப் பிரச்சினை."

"கோப்பு தப்பா இருக்குமோ?" என்று கேட்டார் ஃப்ராவ் லூடர்ஸ்.

ஹாசல்பாக் கூட்டத்தின் நடுவில் கண்ணாடியைத் துடைத்தது அன்றைக்குத்தான்.

"ஃப்ராவ் லூடர்ஸ், கோப்பு தப்பா இருக்க முடியாது. நாய் வேணும்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவோம், ஓய்வு வாங்கிட்டுப் போயிடுவோம், செத்தும் போயிடுவோம். கோப்பு இங்கயே இருக்கும். எது உண்மைன்னு பின்னாடி வர்றவங்க கோப்பப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க. அதுல தப்பு இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க? அதனால தப்பு இருக்கக் கூடாது. இருக்கக் கூடாததால இல்ல."

இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அப்புறம் இன்னொன்றுக்கு. மூன்றும் ஒன்றையே சொல்லின. பணிமனை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு வண்டி ரிப்பேர், டாக்டர் சார். கால்நடை மருத்துவர்கிட்ட போகல. கையெழுத்து மட்டும் முதல் நாளே வாங்கியாச்சு. அப்புறம் திரும்பக் கேட்டா சங்கடம்னு விட்டுட்டோம்."

"நீங்க சொன்னத நாங்க கேக்கல," என்றார் ஹாசல்பாக். இரண்டு பேர் சொன்னதையும் எழுதினேன்.

இதற்கிடையே ஜூன் பதினெட்டாம் தேதி வோட்டான் இறந்துபோனது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பணிமனை வாசலில் வெயிலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. நல்ல வயது.

நகரத்தந்தை அலுவலகம் அன்றே அறிக்கை விட்டது. 'பன்னிரண்டு ஆண்டுப் பணியில் ஓர் ஈயைக்கூடத் துன்புறுத்தாத எங்கள் சாதுவான வோட்டான்.' மறுநாள் காலை அந்த அறிக்கையும் முக்கின் கோப்பும் ஹாசல்பாக்கின் மேசையில் அருகருகே கிடந்தன. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எங்களை அழைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"நகராட்சியோட ராட்வைலர் ஆபத்தான ராட்வைலர் இல்ல," என்றார். "பன்னண்டு வருஷமா நாமதான் சான்று கொடுத்திருக்கோம். நாம கொடுத்த சான்ற நாமே சந்தேகப்பட்டா அப்புறம் வேற யாரு நம்புவா? ஆகவே ஹெர் ரைமானோட நாய்க்கு வோட்டான்கிட்டேயிருந்து வந்த நாற்பத்தெட்டு சதவீதம் நகராட்சித் தரத்துல இருக்கு. ஆபத்து கிடையாது. தகப்பனோட பேர வச்சு பிள்ளைய விட்டுடலாம்."

"கருத்தடை?" என்றார் லூடர்ஸ்.

"நடந்தது. ஆனா வோட்டான் தன்னோட கடமைக்கு மேல உழைச்சிருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரே ஒரு நிபந்தனை. உறவ ஏத்துக்கிட்டா முறைப்படி ஏத்துக்கணும். இருபத்தாறாம் தேதி நினைவுக் கூட்டத்துக்குக் குடும்பத்தார் வரணும்."

*

கறுப்புக் கரை போட்ட அட்டையில் அழைப்பு போயிற்று. 'வோட்டானின் குடும்பத்தாருக்கு' என்று முகவரி. ரைமான் வந்தார். கறுப்பு கோட், கறுப்பு டை. பிப்ரவரிக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். தோள் இன்னும் படியவில்லை. முக்குக்கும் கழுத்தில் கறுப்பு நாடா கட்டியிருந்தார். அழைப்பில் அப்படி இருந்தது.

நகரமன்றக் கூடத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். மேடையில் வோட்டானின் படம், சுற்றிலும் வெள்ளை லில்லி. தீயணைப்புப் படையின் வாத்தியக்குழு ஒரு மெதுவான இசையை வாசித்தது. முன்வரிசையில் 'குடும்பம்' என்று தாள் ஒட்டிய இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ரைமான். இன்னொன்றில், மேற்பார்வையாளர் தூக்கி வைத்ததால், முக்.

டாக்டர் ஹாசல்பாக் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். கடமை பற்றிப் பேசினார். ஒரு வாழ்க்கை முடிந்தாலும் அதன் ஆவணம் முடிவதில்லை என்றார். "நம்மில் எத்தனை பேரைப் பற்றி, அவர் இருந்த இடத்தில் ஒழுங்கு இருந்தது என்று சொல்ல முடியும்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அது குறிப்பில் இல்லை.

அதன்பின் எல்லோரும் வரிசையில் வந்து குடும்பத்தாரின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. நாய்க்காக யாரும் அதை மாற்றவில்லை. கணக்கர்கள், பூங்கா ஆட்கள், நூலகத்துப் பெண்கள், குப்பை வண்டி ஓட்டுநர்கள்.

"ஆழ்ந்த அனுதாபம், ஹெர் ரைமான்."

"நன்றி."

"என்னோட அனுதாபம்."

"நன்றி."

"திடீர்னு போயிட்டா தாங்கிக்கறது கஷ்டம்தான்."

"ஆமா."

ஃப்ராவ் லூடர்ஸ் முறை வந்தபோது அவர் ரைமானின் கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. வோட்டான் மேல் அவருக்குப் பிரியம் அதிகம். "இந்த மாதிரி நேரத்துல என்ன சொல்றதுன்னே தெரியல, ஹெர் ரைமான்," என்றார். "வீட்ல தனியா இருக்காதீங்க."

ரைமான் "நன்றி" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குப் பதிலாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பட்டை அறுந்தால் வருமே, அது மாதிரி. தோள்கள் குலுங்கின. முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கை லூடர்ஸிடம் இருந்தது, இன்னொன்றில் முக்கின் வார். அப்படியே நின்று அழுதார். வரிசை நின்றது. மூக்கு ஒழுகி டையில் விழுந்தது. முக் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, அவர் காலோடு ஒட்டி நின்று குரைத்தது. ஒரே ஒரு முறை, ஆழமான, பெரிய நாயின் குரைப்பு.

கூட்டத்தில் பலர் கைக்குட்டையை எடுத்தார்கள். அப்படியே தகப்பன் குரல் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

டாக்டர் ஹாசல்பாக் என் காதருகே குனிந்தார். "உறவினர் உரிய துக்கத்தை வெளிப்படுத்தினார்னு எழுதிக்குங்க," என்றார். அவருக்குத் திருப்தி. எழுதிக்கொண்டேன். பின்னால் நிற்பவர்களுக்கு மதிய வேலை இருந்ததால் வரிசை மறுபடி நகர்ந்தது. மீதி இருபது பேரும் அழுதுகொண்டிருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

*

கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் காபியும், துக்க வீடுகளில் வைக்கும் வெண்ணெய்க் கேக்கும் இருந்தன. காலியாக இருந்தது ஒரே நாற்காலி, ரைமானுக்கு எதிரே. உட்கார்ந்தேன்.

ஃப்ராவ் லூடர்ஸ் ஒரு தாளோடு வந்தார். "இங்கயே கையெழுத்து போட்டுடுங்க, ஹெர் ரைமான். திங்கக்கிழமை வர வேண்டாம்." இனம் என்ற இடத்தில் 'வோட்டான் வழி, நகராட்சி' என்று இருந்தது. கணினி ஏற்றுக்கொண்டதாம். உரிமையாளர்: ரைமான், இங்கோ. அவர் கையெழுத்துப் போட்டார். "வாய்மூடி இனிமே வேண்டாம். அந்த மூணு சதவீதம் பத்தி மட்டும் தனியா கடிதம் வரும்," என்று சொல்லிவிட்டு லூடர்ஸ் போனார்.

ரைமானின் கண்கள் வீங்கியிருந்தன. அவர் தட்டில் இருந்த கேக்கைத் தொடவில்லை. ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. பத்தொன்பது வருடத்தில் அப்படித் தோன்றியதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"வோட்டான உங்களுக்கு ரொம்ப நாளாப் பழக்கமா?" என்று கேட்டேன்.

"பாத்ததே இல்ல," என்றார். காபிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா. பிப்ரவரியில."

அதை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் சொன்னார். வங்கி, தொலைபேசிக் கம்பெனி, ஓய்வூதிய அலுவலகம், எங்கள் கவுன்டர், எல்லா இடத்திலும் தாளைத் தள்ளினால் போதுமாக இருந்திருக்கிறது. அடக்கத்துக்கு அவரும் பாதிரியாரும் மட்டும்தான். யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த முகவரிகள் எல்லாம் மார்லிஸிடம்தான் இருந்தன.

"உங்களுக்கு எழுதத் தெரியும்னாங்க," என்றார் என் கையில் இருந்த பேனாவைப் பார்த்து.

"இப்ப எழுதல," என்றேன். பேனாவைப் பைக்குள் போட்டேன். "எப்படி இருப்பாங்க அவங்க?"

அவர் யோசித்தார். கடினமான கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நாய் சம்பந்தமாக அந்த நான்கு மாதத்தில் எவ்வளவோ கேட்டோம், எதற்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"சத்தமாத் தும்முவா," என்றார். "மூணாவது மாடியில தும்மினா கீழ் வீட்டு ஆளு சுவத்தத் தட்டி 'நூறு வயசு'ம்பாரு."

"அப்புறம்?"

"சூப்புக்கு லீக்ஸ் தண்டு வாங்கிட்டு வர்றேன்னு சந்தைக்குப் போனா ஒருநாள். திரும்பி வந்தப்ப பையில லீக்ஸ் இல்ல, இவன் இருந்தான். பணிமனை வேலி ஓரமா நடுங்கிட்டுக் கெடந்தானாம். என்ன ஜாதி நாய் இதுன்னு கேட்டேன். பசிச்ச ஜாதின்னா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து மேசையிலிருந்து டாக்டர் ஹாசல்பாக் திரும்பிப் பார்த்தார். துக்க காபியில் சிரிப்பதற்கு விதி ஏதும் இருக்கிறதா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. ரைமானும் பாதி சிரித்தார். உதடு கோணிக்கொண்டது, மீதிப் பாதி வரவில்லை.

தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அவர் கேக்கை முள்கரண்டியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேசைக்கு அடியில் நீட்டினார். அது அங்கே காணாமல் போயிற்று.

"வேற?" என்று கேட்டேன்.

"வேற..." என்று அவர் தொடங்கினார்.